ஓவியம் பயில: சிறிய கலைப் பல்கலைக்கழகமா, பெரிய பல்கலைக்கழகமா?

நுண்கலையில் பட்டம் பெற விரும்பும் நம் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரிலேயே இரு வழிகள் உள்ளன. முதலாவது, கலைக்கென்றே உள்ள பல்கலைக்கழகம்: 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும், சிற்பி ஜோசப் மெக்நலி 1984-இல் நிறுவிய லாசால் கலைக் கல்லூரியும் 2024-இல் சிங்கப்பூர்க் கலைகள் பல்கலைக்கழகம் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. இங்கே படிப்பின் உயிர் ஓவியக்கூடத்தில்தான் இருக்கிறது. மாணவர் கித்தான் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பாதி முடிந்த படத்தைச் சுவரில் மாட்டி, அந்த மூலையில் அந்தச் சிவப்பு ஏன் வந்தது என்று ஆசிரியரும் சக மாணவர்களும் கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும் என்பதால், படத்தை அப்படியே விட்டுவைத்து மறுபடி தொட ஓர் இடம் இருப்பதே பெரும்பேறு. லாசால் வளாகத்திலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை நடைதூரந்தான். மனித உருவங்களை வரைந்து பழக அதைவிட நல்ல இடம் ஏது?

இரண்டாவது வழியான, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியோ அசைவூட்டம், திரைப்படம், வடிவமைப்பு ஆகியவற்றில் வலுவானது; பிற துறைப் பாடங்களையும் எடுக்கலாம். வேலைவாய்ப்பை எண்ணிக் கவலைப்படும் பெற்றோருக்கு அது ஆறுதல் தரும், அக்கவலையும் நியாயமானதே. ஆயினும் தூரிகையை விட்டு இருக்க முடியாத பிள்ளையை நான் கலைகள் பல்கலைக்கழகத்திற்கே அனுப்பச் சொல்வேன். இரண்டிலுமே படைப்புத் தொகுப்பு கேட்பார்கள். அதை உயர்நிலைப் பள்ளியிலிருந்தே சேர்த்துவரத் தொடங்குங்கள்.