'அவர்கள் உன்னை வெறுக்கிறார்கள்': ஒரு சடங்கு, மூன்று வாசிப்புகள்

தென்னாப்பிரிக்காவை ஒட்டிய ஸ்வாசி நாட்டில் (இன்றைய எஸ்வாட்டினி) ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் அரச சடங்கு இன்க்வாலா. 1930-களில் அதை நேரில் கண்ட மானிடவியலாளர் ஹில்டா கூப்பரின் விரிவான பதிவு 1947-இல் வெளிவந்தது. அதில் என்னை விடாமல் துரத்தும் ஒரு காட்சி உண்டு. கூட்டம் முழுவதும் மன்னனைச் சூழ்ந்து நின்று பாடுகிறது. வாழ்த்து அல்ல. "அரசே, உன்னை அவர்கள் ஒதுக்குகிறார்கள், உன்னை வெறுக்கிறார்கள்" என்ற பொருளில் ஒரு துயரப் பாட்டு.

அந்த 'அவர்கள்' யார்? சமூகத்தை ஆராயும் சட்டகங்கள் மோதிக்கொள்வது இந்த ஒற்றைச் சொல்லில்தான்.

மானிடவியலாளர் மேக்ஸ் குளுக்மன் 1950-களில் சொன்ன பதில் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. 'அவர்கள்' என்பது மன்னனின் சொந்தக் குடிகள், பங்காளிகள். உள்ளுக்குள் புகையும் பகையை ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படையாகப் பாடவிட்டால் அரசமைப்பு உறுதிப்படும். ஆளை எதிர்க்கலாம், அரியணையை அல்ல. மோதலும் ஒழுங்கின் ஒரு பகுதியே என்று காட்டிய அழகான வாதம். ஆனால் அவரே ஒரு நிபந்தனை வைத்தார்: அடிப்படை ஒழுங்கை யாரும் கேள்வி கேட்காத சமூகத்தில்தான் இது நடக்கும்.

1966-இல் இன்னொரு மானிடவியலாளர் பைடல்மன் இதை மறுத்தார். பகை, வடிகால் என்றெல்லாம் பேசுமுன் ஸ்வாசிகளின் குறியீடுகளைப் படியுங்கள் என்றார். நிலவின் பிறை, காளை, மன்னன் மீது பூசும் மருந்து எல்லாம் சேர்ந்து அவனை எல்லாக் குழுக்களிடமிருந்தும் பிரித்து, மனிதருக்கு அப்பாற்பட்ட ஆற்றலை ஏற்க ஆயத்தப்படுத்துகின்றன. வெறுப்புப் பாட்டு அந்தத் தனிமையின் குரல். சடங்கின் உள்விவரங்களுக்கு இவரளவு மரியாதை கொடுத்தவர் வேறு யாருமில்லை. குறை ஒன்றுதான்: இந்த வாசிப்பில் ஆண்டும் இல்லை, ஆட்சியும் இல்லை. சடங்கு காலத்துக்கு வெளியே மிதக்கிறது.

சமய வரலாற்றாய்வாளர் புரூஸ் லிங்கன் 1987-இல் அந்த ஆண்டையும் ஆட்சியையும் உள்ளே கொண்டுவந்தார். கூப்பர் பார்த்த இன்க்வாலா பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் நடந்தது. 1907-இன் நிலப் பங்கீட்டில் ஸ்வாசிகளுக்கு மிஞ்சியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை எதிர்த்து மன்னர் இரண்டாம் சோபூசா லண்டன் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) வரை போய் 1926-இல் தோற்றார். சடங்கின் உச்சத்தில் அந்நியர்களை வெளியேறச் சொல்கிறார்கள். இந்தப் பின்னணியில் அந்தக் கட்டளை எப்படி ஒலித்திருக்கும்? 'அவர்கள்' என்ற சொல் வெளியாரை நோக்கியும் திரும்புகிறது. மக்கள் மன்னனை எதிர்க்கவில்லை, மன்னனோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்க்கிறார்கள்.

என் சார்பு லிங்கனிடம். குளுக்மனின் நிபந்தனையை வைத்தே குளுக்மனை அளந்தால், 1930-களின் ஸ்வாசி நாட்டில் கேள்விக்கு உள்ளாகாத ஒழுங்கு எங்கே இருந்தது? இதில் எனக்கு வருத்தமும் உண்டு. 1938-இல் தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள் பகுதியான சூலுலாந்தில் ஒரு பாலத் திறப்பு விழாவைப் பார்த்தவர் குளுக்மன். வெள்ளை அதிகாரியின் கார் நாடாவை அறுத்துக்கொண்டு போனதையும், வெள்ளையர் தனியாகத் தேநீர் குடித்ததையும், சூலுக்கள் தனியாக இருந்ததையும் ஒரே சமூகக் களமாக வைத்து எழுதியவர். ஆளும் வெள்ளையரை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண், இன்க்வாலாவுக்கு வந்தபோது அவர்களைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டது.

ஆனாலும் குளுக்மனை முற்றிலும் ஒதுக்க முடியவில்லை. 1968-இல் பிரிட்டிஷார் வெளியேறினார்கள். 1973-இல் அதே சோபூசா அரசியல் சட்டத்தை ரத்து செய்து கட்சிகளைத் தடை செய்தார். இன்க்வாலா மட்டும் தொடர்ந்தது. வெளியார் போய்விட்ட களத்தில் 'அவர்கள்' என்ற சொல் மறுபடியும் உள்நாட்டுப் பக்கம் திரும்புகிறது. இப்போது அந்தப் பாட்டைக் கேட்கப் போகும் ஆய்வாளர், முதலில் கூட்டத்தில் நிற்பவர்களிடம் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்கட்டும்.