கழலாத பின்போல்ட்: வட்டவளை மழையில் ஒரு 110 கொரோல்லா

டொயோட்டாவின் பழைய 110 கொரோல்லா காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் 5ஏ இன்ஜினைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். புகழட்டும், தகும். நான் சொல்லப்போவது அதே வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நீளமான போல்ட்டைப் பற்றி. தலவாக்கலை நண்பர் ஒருவர் "110 ஒன்று விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். என் வண்டியோ வலது பின்பக்க வேலை முடிந்து இப்போதுதான் கராஜிலிருந்து வந்திருக்கிறது, எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் இன்றே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டு வட்டவளை. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம், மழை விட்டால் பனிமூட்டம். மலையில் கடற்காற்று இல்லையே, துரு எப்படிப் பிடிக்கும் என்று கொழும்பில் கேட்கிறார்கள். இரும்புக்கு உப்பு வேண்டும் என்றில்லை, ஈரம் போதும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேலையைத் தொடங்கிவிடும், எங்கள் பக்கம் அதற்குக் கீழே இறங்குகிற நாட்கள் குறைவு. போதாததற்குத் தோட்டத்து ரோட்டுச் செம்மண், சக்கரத்தைப் பிடித்திருக்கும் 'ஆம்' என்கிற இரும்புக் கைகளிலும் ஸ்பிரிங் தட்டிலும் அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரலால் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே இன்னும் குளிர்ந்த சேறாகவே இருக்கும்.

இந்த வண்டியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு குறுக்கு ஆம்கள், முன்பின் போகாமல் பிடிக்க ஒரு ராட். அந்த இரண்டு ஆம்களையும் சக்கரத்தைத் தாங்குகிற காரியரோடு சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு நீள போல்ட். போல்ட்டும் இரும்பு, ஆமின் முனையில் இருக்கிற புஷ் என்கிற ரப்பர் வளையத்தின் நடுவில் இருக்கிற குழாயும் இரும்பு, இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. அதில் தண்ணீர் ஏறினால் வெளியே வர வழியில்லை. துருவோ தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அப்படியே ஊதி ஊதிப் போல்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கிவிடும். எங்கள் பக்கத்து 110 உடைந்து விழுவதில்லை, ஓட்டை விழுவதும் குறைவு. எதையும் கழற்ற முடியாமல் இறுகிப்போகிறது, அதுதான் பிரச்சினை.

எனக்கு முதலில் தெரிந்தது டயரில். வலது பின்டயர் உள்பக்கம் மட்டும் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப்பக்கம் புதுசு மாதிரி. அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுபோனேன். பின்சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்ய இரண்டாவது ஆமில் மரையோடு ஒரு குழாய் இருக்கிறது, அதைத் திருப்பினால் ஆம் நீளும், சுருங்கும். அது திரும்பவில்லை. "பின்னுக்கு ஒன்றும் செய்ய ஏலாது, முன்னுக்கு மட்டும் பார்த்துத் தாறோம்" என்றார்கள், பார்த்தார்கள், முழுக் காசையும் வாங்கினார்கள். பின்பக்கம் சரியாகாத வண்டிக்கு அலைன்மென்ட் செய்தாயிற்று என்று ஒரு அச்சடித்த தாளையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகு வேறொரு கராஜில் ஆம்களுக்குப் புது புஷ் போட்டேன். அங்கே நடந்ததைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் காற்றில் தொங்கும்போதே எல்லா நட்டையும் கடைசிவரை இறுக்கிவிட்டார்கள். இந்த புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும், அது சுற்றுவதில்லை, முறுக்கிக்கொடுக்கும், அவ்வளவுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கிய நிமிடமே ரப்பர் முறுகிவிடும், வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும். ஒரு வருடம் கூடத் தாங்கவில்லை, கிழிந்துவிட்டது. கினிகத்தேனை வளைவுகளில் பின்பக்கம் டக் டக்கென்று அடித்தது, பிரேக் பிடித்தால் பின்பாகம் லேசாக ஒதுங்கியது. குழந்தைகளை வைத்துக்கொண்டு இறக்கத்தில் போகிற வண்டி அது.

இந்த முறை ஹட்டனில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நட் சுலபமாக வந்துவிட்டது, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. போல்ட்டின் தலையைத் திருப்பினார். திரும்பியது. ஆனால் கூடவே உள்குழாயும் திரும்பி, ரப்பர் கிழிகிற சத்தம் கேட்டது, போல்ட் ஒரு நூல் கூட வெளியே நகரவில்லை. காஸ் அடித்துச் சூடாக்கினார், ரப்பர் கருகி நாற்றம் எடுத்தது, கறுப்புப் புகை வந்தது, சுத்தியலுக்கும் அசையவில்லை. "தம்பி, இது வராது. வெட்டித்தான் எடுக்கணும்" என்று கிரைண்டரை எடுத்தார். ஆமுக்கும் காரியருக்கும் நடுவில் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து, காரியருக்குள் மிஞ்சிய துண்டை பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம், துண்டு வெளியே விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையும் ஒழுங்காக இருக்க, நடுவில் மட்டும் செதில் செதிலாகத் தின்னப்பட்டிருந்தது. போல்ட்டின் விலையை விடக் கூலி பல மடங்கு. ஆனால் அந்த மனிதருக்குக் கொடுத்த கூலியில் ஒரு ரூபாய் கூட வீண் இல்லை.

ஏனென்றால் பூட்டும்போது அவர் செய்த வேலை அப்படி. புது போல்ட்டின் உடம்பில் செப்பு கிரீஸ் தடவினார், மரையிலும் ரப்பரிலும் படாமல். நட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து வண்டியை அதன் பாரத்திலேயே நிற்க வைத்து, இரண்டு தடவை அமுக்கி விட்டு, அப்புறம்தான் இறுக்கினார். சரிசெய்யும் குழாயைக் கழற்றி மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து திரும்பப் போட்டார். இப்போது அது விரலால் திரும்புகிறது.

சேவிஸுக்கு விடுகிறவர்களுக்கு ஒன்று. கீழே கழுவி முடித்ததும் ஒயில் அடித்து விடுவார்கள், பளபளவென்று இருக்கும். இரும்புக்கு அது நல்லதுதான், ரப்பர் புஷ்ஷை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும். புஷ் பக்கம் அடிக்க வேண்டாம் என்று நின்று சொல்லுங்கள். அதோடு, நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டு லைசன்ஸ் எடுக்கப் புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் போதும், கீழே குனிந்து பார்க்க யாரும் இல்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபிறகு ஜப்பானில் ஓடி இங்கே வருகிற ரீகண்டிஷன் வண்டிகளை வாங்குபவர்களும், அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கும் ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 'எஸ்' என்றால் துரு, 'சி' என்றால் அரிப்பு. ஜப்பானின் பனி விழும் பகுதிகளில் ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள், அங்கே ஓடிய வண்டி இங்கே வந்து இறங்கும்போதே கீழே நோயோடுதான் வரும்.

சரி, தீர்ப்பு. வேலை முடிந்து நானுஓயா வரை போய் வந்தேன். வளைவில் வண்டி சொன்னபடி கேட்கிறது, பின்பக்கம் இருப்பதே தெரியவில்லை. இந்த வயதில் இப்படி ஓடுகிற காரை நான் பார்த்ததில்லை. இன்ஜின் இதுவரை ஒரு நாள் கூட ரோட்டில் நிறுத்தியதில்லை, பாட்ஸ் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போனால் கிடைக்காமல் இருப்பதில்லை. அப்படியிருந்தும் மலையில் இருக்கிற ஒருவர் இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த நீள போல்ட் இரண்டும் திரும்பி வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த வண்டி என்றால் வேறு கதை. அதைக் கழற்றிக் காட்ட எந்த உரிமையாளரும் சம்மதிக்கப்போவதில்லை.

என்னுடையதை விற்கப்போவதில்லை. இடது பக்கம் இன்னும் பாக்கி, புஷ்ஷும் போல்ட்டும் வாங்கி வைத்துவிட்டேன், மே மாத மழைக்கு முன் அதையும் அதே மெக்கானிக்கிடமே கொடுக்கிறேன்.