தோட்டத்து வீட்டுக்குப் பொருத்திய இடிதாங்கி: ஓராண்டு கழித்து ஒரு மதிப்பீடு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி நின்ற மரம் ஒன்று, சென்ற ஆண்டு சித்திரையில் பெய்த கோடை மழையின்போது உச்சியில் தீப்பற்றி எரிந்தது. மரத்தோடு போயிருந்தால் மனம் ஆறியிருக்கும். அதே நொடியில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரும் தொலைக்காட்சியும் இணைய மோடமும் கருகிப்போயின. மறுவாரமே இடிதாங்கி பொருத்துவோரைத் தேடத் தொடங்கினேன். இரண்டு நிறுவனங்களை வரவழைத்து, ஒன்றிடம் வேலையை ஒப்படைத்து, அந்த வேலையோடு ஓராண்டு வாழ்ந்த பிறகு இதை எழுதுகிறேன். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் பிறருக்குப் பயன்படும்.

முதலில் வந்த நிறுவனத்தார், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரே ஒரு கம்பத்தை நட்டு, அதன் முனையில் 'முன்கூட்டியே பொறி விடும்' கருவியைப் பொருத்தினால் நூறு மீட்டர் சுற்றளவில் வீடு, மாட்டுக்கொட்டகை, தோப்பு அனைத்துக்கும் பாதுகாப்பு என்றனர். மின்னல் எப்படி இறங்குகிறது என்பதை ஓரளவு படித்திருந்ததால் எனக்குத் தயக்கம் வந்தது. மேகத்திலிருந்து மின்னூட்டப் பாதை ஒன்று ஏறத்தாழ ஐம்பது ஐம்பது மீட்டராகத் தாவித் தாவிக் கீழே வருகிறது. அது தரையை நெருங்கும்போது மரம், கோபுரம், கம்பி என உயர்ந்து நிற்பவற்றிலிருந்து எதிர்ப்பொறி மேலெழும்புகிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே மின்னல் விழுகிறது. அந்தச் சந்திப்பைத் தன் முனையில் நிகழவைத்து, வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டு சேர்ப்பது மட்டுமே இடிதாங்கியின் வேலை. எதிர்ப்பொறியைச் சற்று முன்னதாகவே விடுவதால் பாதுகாப்பு வட்டம் பெரிதாகும் என்பது அக்கருவி செய்வோரின் வாதம். மின்னல் பாதுகாப்புக்கென இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலையோ, உலோகக் கம்பியின் உண்மையான உயரத்தையும் நீளத்தையும் மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இதை வந்தவரிடம் கேட்டபோது, "அதெல்லாம் பழைய விதி சார்" என்று சொல்லிவிட்டு விலைப்பட்டியலை நீட்டினார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவதாக வந்தது ஒரு பொறியாளரும் இரண்டு பணியாளர்களும் மட்டுமே கொண்ட சிறு நிறுவனம். அவர்கள் கேட்ட தொகை முன்னவர் சொன்னதில் ஏறக்குறைய பாதி. மொட்டை மாடியின் நான்கு மூலைகளிலும் தொட்டியருகிலும் குட்டையான கம்பிகளை நிறுத்தி, கைப்பிடிச் சுவரைச் சுற்றிச் செம்புப் பட்டையை ஓட்டி, நான்கு மூலைகளிலும் கீழே இறக்கினார்கள். பட்டை எங்கும் கூர்மையாக மடங்கவில்லை. தொட்டியின் இரும்பு ஏணியையும் சூரிய வெந்நீர்க் கலனையும்கூடப் பட்டையோடு இணைத்தார்கள். அவற்றைத் தனியே விட்டால் மின்னல் பட்டையிலிருந்து பக்கவாட்டில் அவற்றின்மேல் தாவக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். ஆனால் வேலையின் பெரும்பகுதி நடந்தது மண்ணுக்குள்தான். நான்கு எர்த் குழிகளை வெட்டி, அவற்றை வீட்டைச் சுற்றி ஒரு வளையமாக இணைக்க இரண்டு நாள் பிடித்தது. முதல் நிறுவனத்தின் வண்ணத்தாளில் குழியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

குறைகளும் உண்டு. என் வீட்டுக் கருவிகளைக் கருக்கியது மின்கம்பி வழியாக நுழைந்த திடீர் மின்னழுத்தம். கூரைக் கம்பியால் அதைத் தடுக்க இயலாது. அதற்கு மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும். நடந்ததை முதல் நாளே விளக்கியிருந்தும் அவர்களுடைய மதிப்பீட்டில் அது இடம்பெறவில்லை. நானே கேட்டுத் தனியாகப் பணம் கட்டிப் பொருத்திக்கொண்டேன். வீட்டு எர்த்தையும் இடிதாங்கி எர்த்தையும் சேர்க்கக் கூடாது என்று எங்கள் வழக்கமான வயர்மேன் வாதிட, சேர்க்காவிட்டால்தான் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எழுந்து ஆபத்தாகும் என்று பொறியாளர் பொறுமையாக எடுத்துச் சொல்லி இணைத்தார். அந்த மதிப்பெண் அவருக்குத்தான். ஆனால் எர்த்தின் மின்தடையை எர்த் மெக்கரில் அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லி நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. சுவரில் துளையிட்ட இடங்களைப் பூசாமலேயே போய்விட்டார்கள்.

புறப்படும் முன் பொறியாளர் தோப்பில் வேலை செய்வோரை அழைத்துப் பேசியது, பட்டியலில் இல்லாத சேவை. இந்தக் கம்பி வீட்டைத்தான் காக்கும், மரத்தடியில் நிற்பவரைக் காக்காது என்று சொன்னார். நாம் 'இடி விழுந்தது' என்கிறோம். இடி என்பது ஏறத்தாழ முப்பதாயிரம் டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய காற்று வெடித்து விரியும் ஓசை மட்டுமே, கொல்வது அதற்கு முன்பே வந்துபோன மின்னல். மின்னலைக் கண்டபின் ஓசை வரும்வரை எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஓசை கேட்கும் தொலைவில் இருந்தாலே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் வெளியேறக் கூடாது. அரிவாளை முற்றத்தில் எறிந்தால் இடி அண்டாது என்று என் பாட்டி நம்பியதையே மரமேறுபவர் ஒருவரும் கேட்டார். பொறியாளர் சிரிக்காமல் பதில் சொன்னார். 2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலால் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. மரத்தடியில் கட்டிய மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்: தரையில் பரவும் மின்சாரம் அகன்று நிற்கும் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே, இதயத்தின் வழியாகவே பாய்கிறது. நூறு மீட்டர் வாக்குறுதியை நம்பியிருந்தால் மழை நேரத்தில் எங்கள் மாடுகளைத் தென்னையடியிலேயே விட்டிருப்போம்.

இந்த ஓராண்டில் வீட்டின்மேல் மின்னல் விழவில்லை. கீழிறங்கும் பட்டையில் பொருத்திய எண்ணும் கருவி இன்னும் சுழியத்தில்தான் நிற்கிறது. ஆகவே கம்பி தன்னை நிரூபித்துவிட்டது என்று எழுத எனக்கு உரிமையில்லை. நான் சரிபார்க்க முடிந்தது மண்ணை மட்டுமே. எர்த்தின் மின்தடை ஐப்பசி மழையில் அளந்தபோது 3 ஓம், மண் காய்ந்த பங்குனியில் 6 ஓம். பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அடுத்த அளவீட்டுக்கும் நாம்தான் தொலைபேசியில் அழைக்க வேண்டும், தாமாக அவர்கள் வருவதில்லை.