ரிடுக்சிமாப் போடச் சொன்னார்களா? முதலில் இந்த டெஸ்ட்டைக் கேளுங்கள்

அம்மாவுக்கு முடக்குவாதம். சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் 6 வருடமாகக் காட்டுகிறோம். மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை, எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் ரிடுக்சிமாப் மருந்தை டிரிப்பில் ஏற்றலாம் என்றார்கள், 15 நாள் இடைவெளியில் 2 முறை, தலா 1000 மில்லிகிராம். அதற்கு முன் டிபி டெஸ்ட், எக்ஸ்ரே, எக்கோ என்று ஒரு நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் அலையவிட்டார்கள். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு எச்பிஎஸ்ஏஜி என்ற ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்து நெகட்டிவ் என்று முடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ரொம்ப வருஷம் முன்னால் மஞ்சள் காமாலை வந்ததை நானே சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ சரியாகியிருக்கும்மா" என்றார் டாக்டர், கம்ப்யூட்டரிலிருந்து நிமிரக்கூட இல்லை.

டிரிப் ஏற்றிய ஐந்தாவது மாதம் ஒரு நாள், ரசம் சாதம் இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார், அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன், கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். எதிர்வீட்டு அக்கா கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வந்தார், நல்ல மனசு. சாயங்காலம் ரிப்போர்ட்டில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி எக்கச்சக்கமாக ஏறி 1,180.

வேறொரு கல்லீரல் டாக்டர்தான் புரியவைத்தார். பி வைரஸ் ஒரு தடவை வந்தால் முழுசாகப் போவதில்லை, கல்லீரல் செல்லுக்குள் ஒளிந்து கிடக்கும், நம் எதிர்ப்புச் சக்திதான் அதை அடக்கி வைத்திருக்கும், அந்தச் சக்தியையே மருந்து அமுக்கினால் கிளம்பிவிடும். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவாக இருப்பவர்களுக்கும் இது நடக்கும். அவர்களைக் காட்டிக்கொடுப்பது ஆன்ட்டி எச்பிசி டோட்டல் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை. இரண்டையும் பார்த்த பிறகே ரிடுக்சிமாப் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013லேயே எச்சரித்திருக்கிறது. மருத்துவமனையில் போய்க் கேட்டால் "எல்லாம் முறைப்படிதான் பார்த்தோம்" என்கிறார்கள். எழுதித் தாருங்கள் என்றதும் பேச்சில்லை.

வீட்டில் யாருக்காவது ரிடுக்சிமாப், கீமோ, வாரக்கணக்கில் ஸ்டீராய்டு என்று ஆரம்பித்தால் தயவுசெய்து இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். எதிலாவது பாசிட்டிவ் என்றால் கல்லீரல் டாக்டரைப் பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பி வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கித் தடுக்கலாம். ரிடுக்சிமாப் என்றால் கடைசி ஊசிக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் சாப்பிட வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அம்மா 18 நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். என்டெகாவிர் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பழைய கேஸ் ஃபைலைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. இன்றோடு 11 நாள், இன்னும் வரவில்லை.