"10 வருட வாரண்டி" ஸ்டிக்கரை நம்பி வாஷிங் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். நேற்று மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து மனசு ஆறவில்லை. அரை மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷின், வாரண்டி முடிந்த கையோடு பழைய இரும்புக்குப் போடுகிற நிலைக்கு வந்துவிட்டது.

வாங்கியது ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில். பிராண்டும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விற்பனையாளர் கதவைத் திறந்து ஸ்டீல் டிரம்மைக் கையால் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. "தட்டிப் பாருங்க சார், எவ்வளவு கெட்டியா இருக்கு! 10 வருஷம் வாரண்டி. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஸ்டிக்கரில் 10 என்ற எண் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. பில்லைக் கட்டும்போது, இனி பத்து வருடம் இந்தக் கவலை இல்லை என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அந்த 10 வருடம் மோட்டாருக்கு மட்டும்தான், மெஷினுக்கு 2 வருடம்தான் என்று அவர் வாயே திறக்கவில்லை.

முதலில் துணி பிழியும்போது ஓர் உறுமல் கேட்டது. அப்புறம் பக்கத்து அறையில் பேச முடியாத சத்தம். கடைசியில் அடியில் துருத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கஸ்டமர் கேரில் "மோட்டார் நல்லா இருக்கு சார், அதனால வாரண்டியில வராது" என்றார்கள். கடையில் கேட்டால் "கம்பெனியைக் கேளுங்க." கம்பெனியைக் கேட்டால் "வாங்கின கடையில பேசுங்க." ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள், யாருமே வராமல் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிட்டால், புது மெஷினுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கிறதாம்! அரை மாதச் சம்பளம் போய் நிற்பவனிடம் பேசுகிற பேச்சா இது?

வெளி மெக்கானிக்தான் உண்மையைக் காட்டினார். பின்பக்கம் கழற்றி, புல்லியை எடுத்து, துருவைத் துணியால் துடைத்தார். டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கில் 6205 என்று எண் தெரிந்தது. 25 மில்லிமீட்டர் உள்விட்டம், 52 மில்லிமீட்டர் வெளிவிட்டம். உலகம் முழுக்க ஒரே அளவில் கிடைக்கிற சாதாரண பேரிங். சீல் தேய்ந்து, தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் கரைந்து துருப்பிடித்திருக்கிறது. சரி, மாற்றிவிடுங்கள் என்றேன். அவர் டப்பின், அதாவது டிரம் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் தொட்டியின், நடுவே ஓடும் தடித்த கோட்டை விரலால் தடவிக் காட்டினார். இரண்டு பிளாஸ்டிக் பாதிகளையும் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். என் பழைய மெஷினில் அந்த இடத்தில் போல்ட் இருந்தது. கழற்றி, பேரிங் போட்டு, வருடக்கணக்கில் ஓடியது. இதில் டப்பைப் பிரிக்க முடியாததால் டப், டிரம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தச் செலவு புது மெஷின் விலையை நெருங்குகிறது.

கொஞ்சம் போல்ட்டும் ஒரு ரப்பர் கேஸ்கெட்டும் மிச்சம் பிடித்து, இந்தக் காலாண்டு லாபத்தை ஏற்றிக் காட்டுகிறார்கள். மெஷின் படுக்கும்போது வாரண்டி முடிந்திருக்கும், வாங்கியவன் தலையில் விடியும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின் உதிரிபாகங்கள் 10 வருடம் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பேரிங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதைத் தனியாகவும் தரலாம், டிரம்மோடு சேர்த்தும் தரலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சந்து போதாதா இவர்களுக்கு?

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஸ்டிக்கரில் இருக்கும் வருடம் எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள், அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். விற்பவரிடம் கேட்பதற்கு முன்னால் ரிப்பேர் பார்ப்பவரிடம் கேளுங்கள்: "இந்த மாடலில் டப் கழலுமா, பேரிங் தனியாக மாற்றலாமா?" கழலாது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஆள் வராமல் புகாரை மூடினால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள், நுகர்வோர் வழக்குப் போட அது உதவும். நான் போடப் போகிறேன்.