அஞ்சலக ஆர்டி: சிறு சேமிப்புக்கு ஏற்றதுதான், பாதியில் உடைக்காத வரை

மாதம் ஐந்நூறோ ஆயிரமோதான் மிச்சம் பிடிக்க முடிகிறது, அதற்கும் ஆபத்து வரக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு அஞ்சலகத்தின் ஐந்தாண்டு ஆர்டி, அதாவது மாதாமாதம் தவணை கட்டும் தொடர் வைப்புக் கணக்கு, இன்றும் நல்ல தேர்வு. குறைந்தபட்சத் தவணை 100 ரூபாய். அதற்கு மேல் பத்தின் மடங்குகளில் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். மொத்தம் 60 தவணை. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கணக்குப்படி மாதம் 1,000 ரூபாய் கட்டினால், போட்ட 60,000 முதிர்வில் 71,366 ரூபாயாகத் திரும்பி வரும். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேர்வதால் வரும் தொகை இது.

நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கிறது. ஆனால் கணக்கு திறந்த நாளில் இருந்த விகிதம்தான் முதிர்வு வரை உங்களுக்கு. பிறகு குறைந்தாலும் பாதிப்பில்லை, கூடினாலும் பயனில்லை. இதில் பலர் கவனிக்காத ஒரு இடம் நீட்டிப்பு. ஐந்தாண்டு முடிந்ததும் இன்னும் ஐந்தாண்டு தொடரலாம் என்பார்கள். தொடர்ந்தால் பழைய விகிதமே ஓடும். 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வட்டி 5.8 சதவீதம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் திறந்தவர்கள் நீட்டிக்காமல் பணத்தை எடுத்துவிட்டு, அன்றைய விகிதம் கூடுதலாக இருந்தால் புதுக் கணக்கு தொடங்குவதே சரி.

இனி இந்தத் திட்டத்தின் பெரிய குறை. மூன்று ஆண்டு முடியும் வரை கணக்கை மூடவே முடியாது. அதன் பிறகு மூடலாம், ஆனால் கிடைப்பது ஆர்டி வட்டி அல்ல, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் இதே கதிதான். ஆயிரம் ரூபாய்க் கணக்கை 59 தவணை கட்டிவிட்டு மூடினால் வட்டி ஏறத்தாழ 5,900 ரூபாய். ஒரு மாதம் பொறுத்தால் 11,366. ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது. கல்யாணச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று நாள் குறித்த செலவுக்காகச் சேர்ப்பவர்கள் முதிர்வுத் தேதி அதற்கு முன்னதாக வருகிறதா என்று கணக்கு திறக்கும்போதே பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகளில் தற்காப்பு தேடலாம். முதலாவது, ஒரே பெரிய கணக்கு வேண்டாம். மாதம் 3,000 போட முடியுமென்றால் ஆயிரம் ஆயிரமாக மூன்று கணக்கு திறங்கள். ஒருவர் எத்தனை ஆர்டி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், மற்ற இரண்டும் முழு வட்டியோடு ஓடும். பாஸ்புக் மூன்றாகிவிடும் என்பதைத் தவிர இதில் தொல்லை எதுவும் இல்லை.

இரண்டாவது, கடன் வசதி. 12 தவணை கட்டி ஓராண்டு முடிந்திருந்தால், கணக்கில் இருப்பதில் பாதி வரை கடன் எடுக்கலாம். ஆர்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம், அதாவது 6.7 சதவீதக் கணக்குக்கு 8.7. ஐம்பதாவது மாதத்தில் 25,000 தேவைப்படுகிறது என்று வையுங்கள். பத்து மாதத்துக்கு இந்தக் கடனின் வட்டி சுமார் 1,800 ரூபாய். அதே நேரத்தில் கணக்கை மூடினால், அதுவரை சேர்ந்த வட்டியில் மட்டும் சுமார் 3,500 ரூபாய் இழப்பு. கடன்தான் மலிவு. திருப்பிக் கட்ட முடியாவிட்டால் முதிர்வுத் தொகையில் வட்டியோடு கழித்துக்கொள்வார்கள்.

தவணைத் தேதியும் முக்கியம். மாதம் 15ஆம் தேதிக்குள் திறந்த கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்டியாக வேண்டும். 16க்கு மேல் திறந்தால் மாதத்தின் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. வருமானம் வரும் நாள் நிலையாக இல்லாதவர்கள் 16க்குப் பிறகே திறப்பது நல்லது. தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்தான். ஆபத்து அந்தப் பத்து ரூபாயில் இல்லை. நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். நான்காவது தவறிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் அதில் இனிப் பணமே கட்ட முடியாது. அதனால் நல்ல மாதத்தில் முடிகிற தொகையை அல்ல, மோசமான மாதத்திலும் கட்ட முடிகிற தொகையைத் தவணையாக வையுங்கள்.

கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் வந்தால் 12 தவணையை முன்கூட்டியே கட்டலாம். மாதம் நூறு ரூபாய் கட்டும் கணக்குக்கு 12 தவணைக்கும் சேர்த்து 40 ரூபாய் தள்ளுபடி. ஆயிரம் ரூபாய்க் கணக்குக்கு 400 ரூபாய் குறையும். ஆனால் முன்பணம் கட்டிய காலம் வரை கணக்கை மூட முடியாது.

ஏஜென்ட் மூலம் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். வீடு தேடி வந்து தவணை வாங்கும் மகளிர் முகவர்களுக்கு அரசே 4 சதவீதம் கமிஷன் தருகிறது. நீங்கள் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. ஏஜென்ட் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பணம் கணக்கில் ஏறிவிட்டது என்று பொருளில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கை நீங்களே கவுன்டருக்குக் கொண்டுபோய்ப் பதிந்து பாருங்கள். பாஸ்புக் எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். போனில் பணம் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு அஞ்சல் வங்கியின் செயலியிலேயே ஆர்டி தவணை கட்டும் வசதி உண்டு.

வங்கி ஆர்டியோடு ஒப்பிட்டால் பாதுகாப்பில் சிறு சேமிப்பாளருக்குப் பெரிய வேறுபாடு இல்லை. அஞ்சலகத்தில் முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பு. வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கும் சீட்டுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. ஒன்று, இரண்டு ஆண்டுகளில் பணம் தேவைப்படும் என்று தெரிந்தால் வங்கி ஆர்டியே பொருத்தம்: குறுகிய காலத்துக்கும் போடலாம், முன்கூட்டி மூடினால் வட்டியில் சிறு பகுதிதான் குறைப்பார்கள். இரண்டிலும் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அஞ்சலக ஆர்டிக்கு 80சி என்ற வருமான வரிச் சலுகை இல்லை. இருக்கிறது என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

திறக்க ஆதார், பான், புகைப்படம் போதும். நாமினி பெயரை அப்போதே எழுதி, அது பாஸ்புக்கில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.