கூழைக்கடாவுக்காக வாங்கிய சைடு கட்டர்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டாம்பா விரிகுடாவில் இருக்கும் ஸ்கைவே மீன்பிடிப் பாலத்துக்கு வாரம் ஒருமுறையாவது தூண்டிலோடு போகிறவன் நான். போன மார்ச்சில் ஒரு கூழைக்கடா என் இரைமீன் மேல் பாய்ந்து, தூண்டில் முள்ளைத் தொண்டைப் பையில் ஏற்றிக்கொண்டது. அன்று என் பெட்டியில் இருந்தது கம்பி வெட்டும் மலிவான சைடு கட்டர் ஒன்று. உப்புக்காற்றில் துருவேறியிருந்தது. அழுத்தினேன், முள் அப்படியே இருந்தது, கட்டரின் வாய்தான் பல் பல்லாகப் பெயர்ந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன்னுடையதைக் கொடுத்து உதவினார். மறுவாரமே அதே மாதிரி ஒன்றை நானும் வாங்கிவிட்டேன். 22 டாலர்.

இந்த ஓராண்டில் நான்கு பறவைகளுக்கு இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். கைப்பிடி நீளம், வாய் சின்னது. அதனால் இறகுக்குள்ளும் அலகோரத்திலும் தடையில்லாமல் நுழைகிறது. முள்ளை இழுத்துப் பிடுங்கக் கூடாது, சதை கிழியும். எதிர்முள் (நுனியருகே பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்) வெளியே தெரியும்வரை முன்னால் தள்ளி, அதை நறுக்கிவிட்டு, மிச்சத்தை வந்த வழியே உருவ வேண்டும். நான் போடும் 3/0 அளவு முள் ஒரே அழுத்தில் "டிக்" என்று போய்விடுகிறது. வெட்டிய நுனி தெறிக்கும். மேலே உள்ளங்கையைக் குவித்துக்கொள்ளுங்கள். சுறாவுக்குப் போடும் தடித்த முள்ளுக்கு இரண்டு கையும் தேவைப்படுகிறது. கை ஈரமானால் பிடி வழுக்குவது ஒரு குறை, நான் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறேன்.

தூண்டில் நரம்பை (இழையை) மட்டும் அறுத்துவிட்டால் போதும் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி விட்ட பறவை நரம்பு தொங்கத் தொங்க அடைகிற இடத்துக்குப் போகும். அங்கே அலையாத்திக் கிளையில் நரம்பு சுற்றிக்கொள்ளும். பறவை தலைகீழாகத் தொங்கிப் பட்டினியில் சாகும். படகில் போனபோது அப்படி ஒன்றைப் பார்த்தேன். காய்ந்த சிறகு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

2023 அக்டோபரிலிருந்து இந்தப் பாலத்தில் புது விதிகள் வந்தன. நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை பல முள் கோத்த தூண்டில் கூடாது. நல்ல விதி. ஆனாலும் ஒற்றை முள்ளும் குத்தத்தானே செய்யும்?

கட்டர் மட்டும் போதாது. வளைய வலையும் பழைய டவலும் வேண்டும். பாலம் உயரம், நரம்பைப் பிடித்துப் பறவையைத் தூக்கவே கூடாது. மெதுவாகச் சுற்றிக் கிட்டே இழுத்து வலையில் ஏந்துங்கள். டவலால் தலையை மூடினால் அடங்கிவிடும். அலகைப் பிடிக்கும்போது இடையில் ஒரு விரல் விடுங்கள்: கூழைக்கடாவுக்கு வெளி மூக்குத்துளை கிடையாது, வாய் வழியாகத்தான் மூச்சு. முள்ளை முழுங்கியிருந்தால் கட்டரை எடுக்காதீர்கள். பறவை மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.